‘என்ன பண்றீங்க?’ என்பதற்கு ஆங்கிலத்தில் இரண்டு கேள்விகள்: சிம்பிளா, கன்டினியூயஸா?

ஆங்கிலம் கற்றுக்கொள்ளப் புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாள் நான் கேட்கிற கேள்வி ‘வாட் டூ யூ டூ?’ என்பதுதான். பலரும் சட்டென்று சொல்லும் பதில் ‘ஐ ஆம் சிட்டிங்’ அல்லது ‘ஐ ஆம் லிசனிங்’. நான் கேட்டது அவர்களுடைய தொழிலை. அவர்கள் சொன்னது அந்த நிமிடத்தில் செய்துகொண்டிருந்ததை. இதைக் கவனக்குறைவு என்று நான் நினைத்ததே இல்லை. தமிழில் ‘என்ன பண்றீங்க?’ என்ற ஒரே கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. நண்பர் போனில் கேட்டால் ‘சும்மாதான் படுத்திருக்கேன்’ என்போம். புதிதாக அறிமுகமானவர் கேட்டால் ‘பேங்க்ல வேலை பார்க்கிறேன்’ என்போம். யார் கேட்கிறார், எங்கே கேட்கிறார் என்பதைப் பார்த்து நாமே பிரித்துப் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் அந்தப் பிரிவினையை வினைச்சொல்லே செய்துவிடுகிறது. ‘வாட் டூ யூ டூ?’ என்றால் என்ன வேலையில் இருக்கிறீர்கள் என்று பொருள். ‘வாட் ஆர் யூ டூயிங்?’ என்றால் இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

முதலாவது சிம்பிள், இரண்டாவது கன்டினியூயஸ். எந்த இடத்தில் எதைப் போடுவது என்பதற்கு இலக்கணப் புத்தகங்களில் நீளமான அட்டவணைகள் இருக்கும். அவற்றை மனப்பாடம் செய்தவர்கள்கூட வாயைத் திறக்கும்போது தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், ஏனென்றால் பேசும்போது அட்டவணையைப் புரட்ட நேரம் இருக்காது. தமிழில் நாம் ஏற்கெனவே கையாளுகிற சில சொற்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டால் வேலை மிகவும் சுலபமாகிறது. அந்த அளவுகோல்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் இரண்டையும் கலக்காமல் பிடியுங்கள்

சிம்பிளில் வினைச்சொல் தனியாக நிற்கும்: ‘ஐ வொர்க்’, ‘ஷி வொர்க்ஸ்’, ‘தே வொர்க்ட்’. கேள்விக்கும் மறுப்புக்கும் டூ, டஸ், டிட் துணைக்கு வரும். கன்டினியூயஸில் இரண்டு உறுப்புகள் உண்டு. முன்னால் ஆம், இஸ், ஆர், வாஸ், வெர் ஆகியவற்றில் ஒன்று, வினையின் கடைசியில் ஐஎன்ஜி. இரண்டும் சேர்ந்தே வரும், ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமல் போனால் வாக்கியம் நிற்காது.

புதியவர்கள் செய்யும் பிழைகளில் பாதி இந்த இடத்தில்தான். ‘ஐ வொர்க்கிங்’ என்பதில் ஆம் விழுந்துவிட்டது. ‘ஐ ஆம் வொர்க்’ என்பதில் ஐஎன்ஜி விழுந்துவிட்டது. ‘டூ யூ வொர்க்கிங்?’ என்பதில் சிம்பிளின் தலையும் கன்டினியூயஸின் வாலும் ஒட்டிக்கொண்டுவிட்டன. ‘ஐ ஆம் அக்ரீ’ என்பதும் இதே வகைதான், ‘ஐ அக்ரீ’ என்றாலே போதும். பொருளைப் பற்றி யோசிப்பதற்கு முன் ஒரு வாரமாவது இந்த வடிவங்களை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள்.

எழுத்துக்கூட்டலைப் பற்றி இரண்டு வரி போதும். ‘மேக்’ போலக் கடைசியில் உச்சரிக்காத ஈ எழுத்து இருந்தால் ஐஎன்ஜி சேரும்போது அது போய்விடும். ‘ரன்’, ‘சிட்’ போன்ற குட்டிச் சொற்களில் கடைசி எழுத்து இரட்டிக்கும்.

‘-கிறேன்’ செய்யும் குழப்பம்

நமக்குச் சிக்கல் தருவது ‘-கிறேன்’ என்ற விகுதி. ‘நான் தினமும் நடக்கிறேன்’, ‘இதோ நடக்கிறேன்’, ‘நாளை வருகிறேன்’ என்று பழக்கம், இந்த நொடி, நாளை எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஆகவே ‘-கிறேன்’ என்று மனத்தில் வந்ததை நேராக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் எது வரும் என்று சொல்ல முடியாது. இது தமிழர்களுக்கு மட்டும் உள்ள கஷ்டமும் இல்லை. ஜெர்மனியர் ‘இக் ஆர்பைட்டெ’ என்றால் ‘நான் வேலை செய்கிறேன்’, ‘வேலை செய்துகொண்டிருக்கிறேன்’ இரண்டும்தான். பிரெஞ்சுக்காரரின் ‘ஜ த்ரவாய்’ என்பதும் அப்படியே. ஆங்கிலமே முன்பு இவ்வளவு கறாராக இருந்ததில்லை. 400 ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில், இன்று கன்டினியூயஸ் கட்டாயம் என்று நாம் படிக்கிற இடங்களில் சிம்பிள் சர்வசாதாரணமாக வரும். ‘வீடு கட்டப்பட்டுக்கொண்டிருக்கிறது’ என்பதற்கு இன்று சொல்லும் ‘தி ஹவுஸ் இஸ் பீயிங் பில்ட்’ என்ற வடிவம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் தலைகாட்டியது. அதற்கு முன் ‘தி ஹவுஸ் இஸ் பில்டிங்’ என்றே சொன்னார்கள்.

முதல் அளவுகோல்: ‘-வேன்’ போட்டுப் பாருங்கள்

தமிழில் எதிர்கால வடிவம் என்று பள்ளியில் படித்த ‘-வேன், -வான், -உம்’ எதிர்காலத்தை மட்டும் சொல்வதில்லை. வழக்கத்தையும் இயல்பையும்கூட அதுதான் சொல்கிறது. ‘காலையில் ஆறு மணிக்கு எழுந்துவிடுவேன்’ என்றால் நாளைக்கு எழுவதைப் பற்றியா பேசுகிறோம்? தினசரிப் பழக்கத்தைத்தான் சொல்கிறோம். இதையே கருவியாக்கிக்கொள்ளலாம்.

உங்கள் மனத்தில் உள்ள ‘-கிறேன்’ வாக்கியத்தை ‘-வேன்’ வாக்கியமாக மாற்றிப் பாருங்கள். பொருள் அப்படியே இருந்தால் ஆங்கிலத்தில் சிம்பிள். பொருள் ஓடிப்போய் நாளைக்கு நின்றால், அல்லது வாக்கியமே பொருந்தாமல் போனால், பெரும்பாலும் கன்டினியூயஸ்.

தண்ணீரை எடுத்துக்கொள்வோம். ‘கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கிறது.’ இதைக் ‘கொதிக்கும்’ என்று மாற்றினாலும் அதே பொருள்தான். ஆகவே ‘வாட்டர் பாயில்ஸ் அட் ஹண்ட்ரட் டிகிரீஸ்.’ இப்போது இன்னொரு வாக்கியம்: ‘தண்ணீர் கொதிக்கிறது, அடுப்பை அணை.’ இங்கே ‘தண்ணீர் கொதிக்கும், அடுப்பை அணை’ என்றால் ஒட்டவில்லை. ஆகவே ‘தி வாட்டர் இஸ் பாயிலிங்.’ தமிழில் இரண்டு இடத்திலும் ‘கொதிக்கிறது’ என்றே சொன்னோம், ஆனால் ‘கொதிக்கும்’ என்று மாற்றிப் பார்த்ததும் இரண்டும் தனித்தனியாகிவிட்டன.

மறுப்பில் இன்னும் தெளிவாகத் தெரியும். ‘படிப்பதில்லை’ என்றால் பழக்கம் இல்லை: ‘ஐ டோண்ட் ரீட் நாவல்ஸ்.’ ‘இப்போது படிக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருக்கிறேன்’ என்றால் ‘ஐ ஆம் நாட் ரீடிங்.’ உங்களுக்கு ‘-வதில்லை’ வந்தால் சிம்பிள் என்று கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

இந்த அளவுகோல் இறந்த காலத்துக்கும் உதவும், அங்கேதான் இதன் அருமை எனக்கு அதிகம் தெரிந்தது. ‘பள்ளியில் படிக்கும்போது தினமும் கால்பந்து விளையாடிக்கொண்டிருந்தேன்’ என்று தமிழில் தாராளமாகச் சொல்கிறோம். அதை அப்படியே ‘ஐ வாஸ் பிளேயிங் ஃபுட்பால் எவ்ரிடே’ என்று ஆங்கிலத்தில் சொன்னால் சரியாகப் படாது. ‘அப்போதெல்லாம் தினமும் விளையாடுவேன்’ என்று மாற்றிப் பாருங்கள், பொருள் மாறவே இல்லை. ஆக இது பழக்கம், இதற்குச் சிம்பிள்: ‘ஐ பிளேய்ட் ஃபுட்பால் எவ்ரிடே’. இப்போது அந்தப் பழக்கம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல ‘ஐ யூஸ்ட் டு பிளே’ இன்னும் நன்றாக இருக்கும்.

இரண்டாம் அளவுகோல்: ‘இப்போதைக்கு’

முதல் அளவுகோல் ஒரு இடத்தில் கைவிடும். ‘நான் ஒரு பத்திரிகையில் வேலை செய்கிறேன்.’ இதை ‘வேலை செய்வேன்’ என்றால் பொருந்தவில்லை, அதற்காகக் கன்டினியூயஸ் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. வேலை, வீடு, படிப்பு போல நீண்டு கிடக்கும் விஷயங்களுக்கு வேறு கேள்வி கேட்க வேண்டும்: இந்த வாக்கியத்தில் ‘இப்போதைக்கு’ என்ற சொல்லைச் சேர்த்தால் நான் சொல்ல வந்தது அதுதானா?

‘ஐ வொர்க் ஃபார் எ மேகசின்’ என்பவர் தன் வேலையை நிலையானதாகப் பார்க்கிறார். ‘ஐ ஆம் வொர்க்கிங் ஃபார் எ மேகசின்’ என்பவர் இப்போதைக்கு அங்கே இருக்கிறார், அடுத்த வருடம் வேறு எங்காவது இருக்கலாம். ‘ஐ லிவ் வித் மை பிரதர்’ என்றால் அண்ணன் வீடுதான் என் வீடு. ‘ஐ ஆம் லிவிங் வித் மை பிரதர்’ என்றால் வேறு வீடு கிடைக்கும்வரை அங்கே தங்கியிருக்கிறேன். இரண்டும் சரியான ஆங்கிலம். கேட்பவர் மனத்தில் எழும் சித்திரம்தான் வேறுபடுகிறது. அதனால் இது சரியா தவறா என்று யாராவது கேட்டால், நீங்கள் சொல்ல நினைத்தது என்ன என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன்.

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு தமிழ்ச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒன்று ‘வர வர’. வர வர வெயில் கூடுகிறது, நாளுக்கு நாள் அவள் ஆங்கிலம் தேறிவருகிறது என்று மாற்றத்தைச் சொல்லும்போது கன்டினியூயஸ்: ‘இட் இஸ் கெட்டிங் ஹாட்டர்’, ‘ஹெர் இங்கிலீஷ் இஸ் இம்ப்ரூவிங்’. இன்னொன்று ‘எப்போ பார்த்தாலும்’. ‘எப்போ பார்த்தாலும் சாவியைத் தொலைத்துக்கொண்டே இருக்கிறான்’ என்று சலித்துக்கொள்வோமே, அதற்கு ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் ஆல்வேஸ் லூசிங் ஹிஸ் கீஸ்.’ ஆல்வேஸ் வந்தால் சிம்பிள்தான் என்று படித்தவர்கள் இங்கே திகைப்பார்கள். ‘ஹி ஆல்வேஸ் லாக்ஸ் தி டோர்’ என்பது வெறும் பழக்கம். அதில் சலிப்பு ஏறினால் ஐஎன்ஜி வந்துவிடும். தமிழின் ‘கொண்டே’ செய்கிற வேலை அது.

மூன்றாம் அளவுகோல்: வாக்கியம் ‘எனக்கு’ என்று தொடங்குகிறதா?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஐ ஆம் நோயிங்’, ‘ஐ ஆம் வாண்டிங்’, ‘ஐ ஆம் ஹேவிங் டூ சிஸ்டர்ஸ்’, ‘ஐ ஆம் நாட் அண்டர்ஸ்டாண்டிங்’. இவை நம் நாட்டு ஆங்கிலத்தில் அன்றாடம் காதில் விழுபவை. சொன்னால் புரியாமல் போகாது, சொல்பவரைக் குறைவாக நினைக்கவும் வேண்டாம். ஆனால் தேர்விலும் அலுவலகக் கடிதத்திலும் பிழையாகவே எண்ணுவார்கள். காரணம், ஆங்கிலத்தில் சில வினைகள் செயலைச் சொல்வதில்லை, நிலையைச் சொல்கின்றன. தெரிந்திருப்பது ஒரு நிலை. அதற்குத் தொடக்கம், நடு, முடிவு என்று ஓட்டம் கிடையாது. ஓடாத ஒன்றை ஓடிக்கொண்டிருப்பதாகச் சொல்ல முடியாது.

புத்தகங்களில் இந்த வினைகளுக்கு நாற்பது, ஐம்பது சொற்களில் பட்டியல் இருக்கும். அதைப் படிக்கிற பாடு நமக்கு வேண்டாம், தமிழ் அதைத் தனியாகப் பிரித்தே வைத்திருக்கிறது. நாமாகச் செய்பவற்றுக்கு ‘நான்’ என்கிறோம். நம்மிடம் இருக்கும் நிலைகளுக்கு ‘எனக்கு’ என்கிறோம்.

எனக்குத் தெரியும், ‘ஐ நோ’. எனக்குப் பிடிக்கும், ‘ஐ லைக்’. எனக்கு வேண்டும், ‘ஐ வாண்ட்’ அல்லது ‘ஐ நீட்’. எனக்குப் புரிகிறது, ‘ஐ அண்டர்ஸ்டாண்ட்’. எனக்கு ஞாபகம் இருக்கிறது, ‘ஐ ரிமெம்பர்’. எனக்கு இரண்டு அக்காக்கள் இருக்கிறார்கள், ‘ஐ ஹேவ் டூ சிஸ்டர்ஸ்’. இந்தப் புத்தகம் எனக்குச் சொந்தம், ‘திஸ் புக் பிலாங்ஸ் டு மீ’. ஒன்றிலும் ஐஎன்ஜி இல்லை. தமிழிலும் ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’, ‘எனக்கு வேண்டிக்கொண்டிருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். ‘ஐ ஆம் நோயிங்’ என்பது ஆங்கிலக் காதில் ஏறக்குறைய அப்படித்தான் ஒலிக்கும்.

கேட்பதும் பார்ப்பதும் இந்த அளவுகோலுக்கு மிக அழகாக அடங்கும். எனக்கு ஏதோ சத்தம் கேட்கிறது: ‘ஐ ஹியர் எ நாய்ஸ்.’ நான் ரேடியோ கேட்கிறேன்: ‘ஐ ஆம் லிசனிங் டு தி ரேடியோ.’ எனக்குத் தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரிகிறது: ‘ஐ ஸீ எ லைட்.’ நான் படம் பார்க்கிறேன்: ‘ஐ ஆம் வாட்சிங் எ மூவி.’

விதிவிலக்குகளையும் சொல்லிவிடுகிறேன். நம்புகிறேன், நேசிக்கிறேன், வெறுக்கிறேன், ஒப்புக்கொள்கிறேன் ஆகியவை தமிழில் ‘நான்’ போட்டு வந்தாலும் ஆங்கிலத்தில் நிலைகள்தான்: பிலீவ், லவ், ஹேட், அக்ரீ. இந்த நான்கைத் தனியாக நினைவில் வையுங்கள். எதிர்ப்பக்கத்தில், எனக்கு வியர்க்கிறது என்பதற்கு ‘ஐ ஆம் ஸ்வெட்டிங்’ என்றே வரும். உடம்புக்குள் நடப்பவை ‘எனக்கு’ போட்டாலும் நிகழ்ச்சிகள்தான். வலிக்கிறது என்பதற்கு ‘இட் ஹர்ட்ஸ்’, ‘இட் இஸ் ஹர்ட்டிங்’ இரண்டுமே சரி.

அப்படியானால் 2003இல் மெக்டொனால்ட்ஸ் நிறுவனம் விளம்பரத்தில் ‘ஐம் லவ்விங் இட்’ என்று சொன்னதே, அது தவறா என்று நிச்சயம் ஒருவர் கேட்பார். நியாயமான கேள்வி. லவ் என்ற நிலை வினையை அங்கே இந்த நொடியின் அனுபவமாக மாற்றியிருக்கிறார்கள்: ‘இப்போது, இந்தக் கணத்தில், ரசித்துக்கொண்டிருக்கிறேன்.’ பேச்சு ஆங்கிலத்தில் இப்படிச் செய்வது உண்டு. ‘ஐ ஆம் லைக்கிங் திஸ் மோர் அண்ட் மோர்’ என்பதில் நம்முடைய ‘வர வர’ ஒளிந்திருக்கிறது. அந்த நயம் கைவரும்வரை சிம்பிளையே பிடித்துக்கொள்வது பாதுகாப்பானது என்பது என் கருத்து.

ஒரே சொல், இரண்டு குணம்

சில ஆங்கில வினைகள் ஒரு பொருளில் நிலையாகவும் இன்னொரு பொருளில் செயலாகவும் இருக்கும். தமிழில் அவற்றுக்கு இரண்டு வெவ்வேறு சொற்கள் இருப்பதால் நமக்கு இதில் சிரமமே இருக்கக் கூடாது.

‘ஐ திங்க் யூ ஆர் ரைட்’ என்றால் எனக்குத் தோன்றுகிறது. ‘ஐ ஆம் திங்கிங் அபவுட் இட்’ என்றால் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘ஷி ஹேஸ் எ கார்’ என்றால் அவளிடம் கார் இருக்கிறது. ‘ஷி இஸ் ஹேவிங் லஞ்ச்’ என்றால் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள், இங்கே ஹேவ் என்பதற்கு ‘இருக்கிறது’ என்ற பொருளே கிடையாது. ‘தி ஃபிளவர் ஸ்மெல்ஸ் நைஸ்’ என்றால் பூ மணக்கிறது. ‘ஷி இஸ் ஸ்மெல்லிங் தி ஃபிளவர்’ என்றால் முகர்ந்து பார்க்கிறாள்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ‘பீயிங்’. ‘ஹி இஸ் ரூட்’ என்றால் அவன் சுபாவமே அப்படி. ‘ஹி இஸ் பீயிங் ரூட்’ என்றால் இன்றைக்கு ஏனோ அப்படி நடந்துகொள்கிறான். ‘நடந்துகொள்கிறான்’ என்று தமிழில் சொல்ல முடிந்தால் பீயிங் போடலாம். உயரமாக நடந்துகொள்ள யாராலும் முடியாது, அதனால் ‘ஹி இஸ் பீயிங் டால்’ என்று சொல்வதில்லை.

முடிந்ததா, முடியவில்லையா

இறந்த காலத்தில் ‘-கொண்டிருந்தேன்’ என்பதும் வாஸ், வெர் சேர்ந்த கன்டினியூயஸும் நன்றாகவே ஒத்துப்போகின்றன, மேலே சொன்ன பழக்க விஷயத்தைத் தவிர. ‘வென் ஹி கேம், வி லெஃப்ட்’ என்றால் அவர் வந்தார், அப்புறம் நாங்கள் கிளம்பினோம். ‘வென் ஹி கேம், வி வெர் லீவிங்’ என்றால் அவர் வந்தபோது கிளம்பிக்கொண்டிருந்தோம். வந்தவரின் மனம் எந்த வாக்கியத்தில் நோகும் என்று யோசித்துப் பாருங்கள், வேறுபாடு மறக்காது.

இதைவிடக் கூர்மையான ஜோடி ஒன்று உண்டு. ‘ஹி வாஸ் டிரௌனிங்’ என்றால் ஒருவன் நீரில் மூழ்கிக்கொண்டிருந்தான், யாராவது குதித்துக் காப்பாற்றியிருக்கலாம். ‘ஹி டிரௌண்ட்’ என்றால் உயிர் போய்விட்டது. சிம்பிள் நிகழ்ச்சியை முழுசாகக் காட்டுகிறது. கன்டினியூயஸ் அதன் நடுவில் நம்மை நிறுத்துகிறது, கரை இரண்டும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

1957இல் ஸீனோ வெண்ட்லர் என்ற தத்துவ அறிஞர் வினைகளை நான்காகப் பிரித்தார்: தெரிவது போன்ற நிலைகள், ஓடுவது போன்ற செயல்கள், வீடு கட்டுவது போல ஒரு முடிவை நோக்கிப் போகும் செயல்கள், சிகரத்தை எட்டுவது போல ஒரு கணத்தில் நிகழ்பவை. கற்பவருக்கு இதில் உள்ள பயன் இதுதான். ‘ஓடிக்கொண்டிருந்தான்’ என்றாலே ஓடினான் என்று ஆகிவிடுகிறது. ‘வீடு கட்டிக்கொண்டிருந்தான்’ என்றால் வீடு எழும்பியதா என்று தெரியாது. ஆகவே கடிதத்தில் ‘ஐ வாஸ் ரைட்டிங் தி ரிப்போர்ட் எஸ்டர்டே’ என்று எழுதினால், அறிக்கை இன்னும் முடியவில்லையோ என்ற சந்தேகம் மேலதிகாரிக்கு வரும். முடித்துவிட்டீர்கள் என்றால் ‘ஐ ரோட் தி ரிப்போர்ட்’ என்று எழுதுங்கள்.

சொல்வதே செயலாகிற சில வினைகளும் சிம்பிளில்தான் வரும். ‘ஐ பிராமிஸ்’, ‘ஐ அபாலஜைஸ்’. சொல்லி முடித்ததும் வாக்குக் கொடுத்தாயிற்று, மன்னிப்புக் கேட்டாயிற்று. நடுவில் நிற்க இடமில்லை.

நாளைக்கு என்றால்

‘நாளை டாக்டரைப் பார்க்கிறேன்.’ நேரம் வாங்கி, ஏற்பாடு முடிந்த விஷயம். ஆங்கிலத்திலும் ‘ஐ ஆம் ஸீயிங் தி டாக்டர் டுமாரோ.’ ஆட்கள் தமக்குள் பேசி முடிவுசெய்தவற்றுக்கு இப்படிக் கன்டினியூயஸ். கால அட்டவணை முடிவுசெய்தவற்றுக்குச் சிம்பிள்: ‘தி டிரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்.’ ‘வில் பீ’ சேர்த்து ‘ஐ வில் பீ வொர்க்கிங் அட் எய்ட்’ என்றால் எட்டு மணிக்கு வேலையின் நடுவில் இருப்பேன், அப்போது அழைக்க வேண்டாம் என்ற குறிப்பும் அதில் இருக்கிறது.

‘சின்ஸ்’ வந்தால் ஹேவ் வேண்டும்

‘2019லிருந்து இங்கே வேலை செய்கிறேன்’ என்பது தமிழில் நிகழ்காலம். அதனால் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’ என்று வந்துவிடுகிறது. அன்று தொடங்கி இன்றுவரை நீண்டதைச் சொல்ல ஆங்கிலத்துக்கு ஹேவ் தேவை: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019.’ ‘எனக்கு’ வகை வினை என்றால் இங்கேயும் ஐஎன்ஜி கிடையாது. அவரைப் பத்து வருடமாகத் தெரியும்: ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்.’ ‘ஹேவ் பீன் நோயிங்’ என்று எழுதாதீர்கள்.

ஒரு கடிதத்தை வரிவரியாகத் திருத்துவோம்

ஒருமுறை என்னிடம் படித்த ஒருவர் வேலை விண்ணப்பத்துடன் அனுப்ப எழுதிய அறிமுகக் குறிப்பைக் காட்டினார். அவர் எழுதியவற்றில் ஆறு வரிகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொரு வினையிலும் விரலை வைத்து, தமிழில் என்ன சொல்ல நினைத்தீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

‘ஐ ஆம் ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்.’ தமிழில் கேட்டேன். ‘எனக்கு ஐந்து வருட அனுபவம் இருக்கிறது’ என்றார். எனக்கு என்று சொன்னதும் அவரே அடித்துவிட்டு ‘ஐ ஹேவ்’ என்று எழுதினார்.

‘ஐ ஆம் வொர்க்கிங் இன் திஸ் கம்பெனி சின்ஸ் 2019.’ சின்ஸ் இருக்கிறது, ஆகவே ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங்.’

‘ஐ ஆம் ஹேண்ட்லிங் அக்கவுண்ட்ஸ்.’ இந்த வரியில் கொஞ்சம் நேரம் நின்றோம். அது அவருடைய நிரந்தரப் பொறுப்பா, விடுப்பில் போன யாருக்காவது இப்போதைக்குப் பார்க்கிறாரா? ‘என் வேலையே அதுதான்’ என்றார். அப்படியானால் ‘ஐ ஹேண்டில் அக்கவுண்ட்ஸ்.’ அவர் எழுதியது இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் படிப்பவருக்குத் தற்காலிகப் பொறுப்பு போலத் தோன்றி, ஐந்து வருட உழைப்பு சிறுத்துப்போயிருக்கும்.

‘ஐ ஆம் நோயிங் த்ரீ லாங்குவேஜஸ்.’ எனக்குத் தெரியும். ‘ஐ நோ.’

‘நவ் ஐ லேர்ன் எ நியூ சாஃப்ட்வேர்.’ இதுவரை ஐஎன்ஜி வேண்டாத இடங்களில் போட்டவர், வேண்டிய இடத்தில் விட்டுவிட்டார். ‘கற்றுக்கொள்வேன்’ என்று மாற்றினால் பொருள் நாளைக்குப் போகிறது. அதனால் ‘ஐ ஆம் லேர்னிங்.’ சாஃப்ட்வேர் என்ற சொல்லை எண்ண முடியாது என்பதால் ‘எ’ என்பதையும் எடுத்தோம்.

‘ஐ ஆம் வாண்டிங் டு ஜாயின் யுவர் டீம்.’ இதற்கு நான் கேட்கவே தேவைப்படவில்லை. ‘ஐ வாண்ட்’ என்று அவரே திருத்திவிட்டு, இது கொஞ்சம் அதட்டலாக இல்லையா என்று கேட்டார். இருக்கிறதுதான். ‘ஐ வுட் லைக் டு ஜாயின்’ என்று மாற்றிக்கொண்டார். கன்டினியூயஸுக்கும் இப்படி ஒரு பணிவு உண்டு என்று அப்போது சொன்னேன். உதவி கேட்கும்போது ‘ஐ வாஸ் வொண்டரிங் இஃப் யூ குட் ஹெல்ப்’ என்று தொடங்கினால் கேட்பவருக்கு நெருக்கடி இல்லை, மறுக்கவும் இடம் இருக்கிறது.

வீட்டில் பழக

ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே நடப்பதைப் பார்த்து ஐந்து வாக்கியம் சொல்லுங்கள், சொன்னதை ஒரு தாளில் எழுதியும் வையுங்கள். எல்லாம் கன்டினியூயஸில் வரும்: ‘எ மேன் இஸ் கிராசிங் தி ரோட்’, ‘டூ கேர்ல்ஸ் ஆர் லாஃபிங்’. பின் கண்ணில் பட்டவர்களில் உங்களுக்குத் தெரிந்த ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம்: எங்கே வேலை செய்கிறார், எப்போது எழுவார், என்ன பிடிக்கும். அது முழுக்கச் சிம்பிள். மூன்றாவதாக, நேற்று ஒரு குறிப்பிட்ட நேரத்தில் வீட்டில் ஒவ்வொருவரும் என்ன செய்துகொண்டிருந்தார்கள், அப்போது என்ன நடந்தது என்று இரண்டையும் கலந்து சொல்லுங்கள்: ‘ஐ வாஸ் ரீடிங், மை மதர் வாஸ் ஸ்லீப்பிங், சடன்லி தி லைட்ஸ் வெண்ட் அவுட்.’

தயங்கும் இடத்தில் நிறுத்தி, அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லி, ‘-வேன்’, ‘இப்போதைக்கு’, ‘எனக்கு’ மூன்றில் எது பொருந்துகிறது என்று பாருங்கள். ‘ஐ ஃபீல் டயர்ட்’, ‘ஐ ஆம் ஃபீலிங் டயர்ட்’ போன்ற சில இடங்களில் இரண்டும் ஒன்றேதான், அங்கே நின்று யோசிக்க வேண்டாம். பத்து நாள் கழித்து, முதல் நாள் சொன்ன ஐந்து வாக்கியங்களை எழுதிவைத்த தாளை எடுத்து, நீங்களே பேனாவால் திருத்துங்கள்.